கேட் போட்ட 4 நிமிடம்: ஒரு நன்றி மடல்

செட்டிநாட்டுச் சாலைகளில் 42.195 கிலோமீட்டர் ஓடியவர்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் ஓட்டக் குழுவின் வணக்கம்.

முதல் நன்றி மைக் செட் அண்ணனுக்கு. தண்ணீர் வண்டி வந்து சேராததால் விடிகாலை 4:30-க்குக் கிளம்ப வேண்டிய ஓட்டம் 4:55-க்குத்தான் கிளம்பியது. "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தால் ஓடுகிறவர்கள் குதித்துக்கொண்டே நிற்பார்கள், பாட்டில் தண்ணீரை எல்லாம் குடித்துத் தீர்ப்பார்கள், கோடு தாண்டியதும் ஒதுங்க இடம் தேடுவார்கள். "4:55, அதற்கு முன்னால் கிடையாது" என்று சொன்னதும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். 4:45-க்கு எழுந்து உடம்பைச் சூடாக்கினால் போதும்.

இப்படித் தள்ளிப்போன 25 நிமிடம் கடைசியில் வெயிலாகத் திரும்பி வரும். ஓட்டத்தை 5 மணி நேரத்தில் முடிக்க நினைக்கும் குழு வந்து சேரும்போது கிட்டத்தட்ட மணி பத்து. அதனால் அந்தக் குழுவின் பேஸர்கள், அதாவது சீரான வேகத்தில் முன்னால் ஓடிக் குழுவைக் கூட்டிப்போகிறவர்கள், கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 நொடி (7:06) என்ற வேகத்தை முதல் கிலோமீட்டரிலேயே 7:16 ஆக்கிக்கொண்டார்கள். 30-வது கிலோமீட்டருக்கு மேல் வெயில் வந்து குறைக்கட்டும் என்று விட்டிருந்தால், பாதிப்பேர் நடந்துதான் வந்திருப்பார்கள்.

அடுத்து ரயில்வே கேட். 12-வது கிலோமீட்டரில் நாலரை மணி நேரக் குழு சரியாக 4 நிமிடம் நின்றது. ஒருவரையும் குனிந்து நுழைய விடாத கேட் கீப்பருக்குக் கும்பிடு. நின்ற நேரத்தில் யாரையும் உட்காரவிடாமல் குறுக்கும் நெடுக்கும் நடக்கவிட்ட பேஸருக்கு இன்னொன்று. உட்கார்ந்தால் கெண்டைக்கால் இறுகிவிடும்.

கேட் திறந்த பிறகு அந்தப் பேஸர் போட்ட கணக்கை அப்படியே எழுதிவைக்கிறோம், அடுத்தவருக்கு உதவும். 240 நொடியை மீதி 30 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு 8 நொடி. அதையும் அவர் முழுதாகக் கேட்கவில்லை. முதல் 2 கிலோமீட்டர் கால் இளகுவதற்காகப் பழைய 6:24. அதன்பின் 6:18. அப்படி 28 கிலோமீட்டரில் 168 நொடி திரும்பி வந்தது. பாக்கி ஒரு நிமிடச் சொச்சத்தைக் கேட்டுக்கு மொய் எழுதியாயிற்று. நாலே கிலோமீட்டரில் மீட்கிறேன் என்று 5:24-இல் பறந்த சிலரைக் குழு 32-வது கிலோமீட்டருக்கு மேல் ஓரமாகப் பார்த்தது.

வாட்ச்சில் ஆட்டோ பாஸ் (நின்றால் தானே கணக்கை நிறுத்திவைக்கும் வசதி) போட்டிருந்தவர்களுக்கு நின்ற 4 நிமிடம் கணக்கிலேயே வரவில்லை. பழைய வேகத்திலேயே ஓடியிருந்தாலும் சராசரி அழகாக 6:24 காட்டும், முடிவுக் கோட்டுக் கடிகாரம் வேறு சொல்லும். கேட்டின் இரண்டு பக்கமும் சிப் மேட் (ஒவ்வொருவரும் தாண்டும் நேரத்தைப் பதியும் விரிப்பு) விரித்திருந்தால் அந்த நேரத்தைக் கழித்திருக்கலாம். விரிக்காதது எங்கள் தப்பு.

கேட்டில் போன நேரம் கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர் மேசையில் போவது தெரியாது: ஓர் இடத்தில் 30 நொடி நின்றால், 8 இடத்தில் அதே 4 நிமிடம். கானாடுகாத்தான் ஆச்சிமார்கள் அதை மிச்சம் பிடித்துக் கொடுத்தார்கள். டம்ளரில் பாதிதான் ஊற்றினார்கள், நிறைய ஊற்றினால் சட்டையில் கொட்டும், இல்லை மடக்கென்று குடித்து வயிறு குலுங்கும். முதல் மேசையில் தண்ணீர், இருபது அடி தள்ளி இன்னொரு மேசையில் உப்புப் போட்ட நீர்மோர். தொப்பியில் உப்புப் பூத்து வந்தவர்களைக் கண்டதும், கேட்காமலே மோரை நீட்டினார்கள். வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கித் தலை சுற்றும்; அவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போலீஸ்காரர்கள், ஆம்புலன்ஸ் தம்பிகள், பள்ளத்தூர் சாலையில் ஆட்டு மந்தையை ஓரங்கட்டி நின்ற பெரியவர், எல்லோருக்கும் நன்றி.

ஆச்சிமார்களின் எவர்சில்வர் டம்ளர் மூன்று எங்கள் சாமான்களோடு வந்துவிட்டது. அடியில் பெயர் வெட்டியிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம்.