பின்மூடியைத் திறந்து பார்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். இரணைமடுவிலை தண்ணி வந்திட்டுது, காலபோக விதைப்பும் முடிஞ்சுது. மிச்சப் புதினம் அம்மா சொல்லுவா. மூண்டு கிழமையாய் உன்ரை கோல் இல்லை. வேலை கூடவாக்கும் எண்டு இருக்கிறம்.

நீ வாங்கப்போற பழைய சீக்கோ 5 மணிக்கூட்டின்ரை படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தன். 120 இங்கிலாந்துப் பவுண் சின்னக் காசில்லை. உனக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியும். ஆறு வயதிலை என்ரை மணிக்கூடு திருத்திற கடை மேசைக்குக் கீழை இருந்து திருகாணி பொறுக்கித் தந்தனீ, ஒண்டுகூடத் தவறவிட்டதில்லை. வந்த சனமெல்லாம் உன்ரை கண்ணைத்தான் சொல்லும். எண்டாலும் சொல்லுறன், பின்மூடியைத் திறந்து பார்க்காமல் காசு குடுக்காதை.

முதல் முகத்தைப் பார். டயல் புதுசுபோலப் பளபளத்தால் பயப்படு. இந்தியாவிலை திருப்பிப் பெயின்ற் அடிச்சு விக்கிற சீக்கோ கனக்க இருக்கு. எழுத்துத் தடிச்சு, ஓரம் கரைஞ்சு, நிமிசக் கோடுகள் மணியைக் காட்டுற கட்டைக்கு நேரே நிக்காமல் இருந்தால் அது பிறகு அடிச்சது. முள்ளிலை உள்ள, இருட்டிலை மினுங்கிற பச்சை மருந்தும் டயலிலை உள்ளதும் ஒரேமாதிரிப் பழுத்திருக்க வேணும். கூட்டின்ரை விளிம்பு கூராய் இருக்க வேணும். மினுக்கி மினுக்கித் தேஞ்ச கூடு பாவிச்ச சவர்க்காரக் கட்டி மாதிரி உருண்டு கிடக்கும்.

6 மணிக்குக் கீழை, டயல் விளிம்போடை, எறும்பு மாதிரி எழுத்து இருக்கும். முதல் நாலு இலக்கமும் மெசின் நம்பர். 7009 எண்டு வை. பின்மூடியிலையும் 7009, ஒரு சின்னக் கோடு, பிறகு கூட்டின்ரை நாலு இலக்கம். திறந்தால் மெசினிலையும் 7009. மூண்டும் ஒத்து வரவேணும். பின்மூடியிலை தனிய இன்னொரு நம்பர் இருக்கும்: முதல் இலக்கம் வருசத்தின்ரை கடைசி இலக்கம், அடுத்தது மாதம். கார்த்திகைக்கு இங்கிலீசு என், மார்கழிக்கு டி. 82 எண்டு தொடங்கினால் மாசி மாதம். 1978 ஓ 1988 ஓ எண்டதை மெசினையும் கூட்டையும் வைச்சுத்தான் சொல்லலாம். 7009 க்குச் சாவி குடுக்கேலாது, ஆட்டித்தான் ஓட வைக்கலாம். சாவி குடுத்துப் பார்த்தனான், நல்லா ஓடுது எண்டு விக்கிறவன் சொன்னால் அவனிட்டை வாங்காதை. திறந்து பார்.

அப்பப்பா 1979 இலை மிளகாய்க் காசிலை வாங்கின சீக்கோவின்ரை நம்பரும் 82 எண்டுதான் தொடங்கும். 90 களிலை பற்றரி வன்னிக்குள்ளை வரத் தடை. ஊரிலை பற்றரி மணிக்கூடெல்லாம் நிண்டு போக, அது அவர் நடந்த நடையிலை ஓடினது. 1996 இலை கொழும்பு நேரத்தை முன்னுக்குத் தள்ள நாங்கள் பழைய நேரத்திலையே இருந்தம். ஏ9 பாதை திறந்தாப் பிறகு ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டேக்கை அரை மணித்தியாலம் கூட்டுவார், திரும்பி வரேக்கை குறைப்பார். 2006 சித்திரையிலை கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரைக்கும் அப்பிடித்தான். பஸ்ஸுக்குள்ளை அந்தக் குமிழை இழுக்கிற அவற்றை பெருவிரல் இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது.

உன்ரை கையிலை கிடக்கிற அப்பப்பாவின்ரை மணிக்கூட்டை அங்கை ஒரு கடையிலை காட்டப்போறன் எண்டு சொன்னனீ. அதோடை கோல் நிண்டுபோச்சு. ஒரு மெசேச் போட நேரமில்லையே? கொம்மா ரெலிபோனைத் தலையணைக்குக் கீழை வைச்சுக்கொண்டு படுக்கிறா.

அந்தக் கடைக்காரர் திறந்திருப்பார். பின்மூடியிலை 7009 எண்டும் டயலிலை 6309 எண்டும் கண்டிருப்பார். உனக்குச் சொல்லியிருப்பார்.

தம்பி, 2012 இலை அப்பப்பாவின்ரை மணிக்கூடு எண்டு சொல்லி நான் உனக்குக் கட்டிவிட்டதிலை கூடும் பின்மூடியும்தான் அவற்றை. பின்மூடிக்குள்ளை இருக்கிற இறப்பர் வளையம் காஞ்சதை 2007 இலையே கண்டனான். ஊராக்களுக்கெல்லாம் மாத்திக் குடுத்தன், எங்கடையை நாளைக்கு நாளைக்கு எண்டு விட்டன். 2009 இலை சண்டைக்குள்ளாலை, நந்திக்கடலிலை நெஞ்சளவு தண்ணிக்குள்ளாலை வரேக்கை அது என்ரை கையிலை. மெனிக்பாம் முகாமிலை திறக்க, மெசின் துருவாய் உதிர்ந்து விரலிலை ஒட்டினது.

இப்ப உள்ளுக்கை ஓடுறது அந்த நெஸ்ரமோல்ட் ரின்னிலை கிடந்தது. 2008 ஆவணியிலை திருத்தத் தந்திட்டு எடுக்க வராத ஆக்களின்ரை. தர்மபுரம், விசுவமடு, மாத்தளன் எண்டு எல்லாத்தையும் விட்டிட்டு வந்தன், அந்த ரின்னை விடேல்லை. கணக்குக் கொப்பி எரிஞ்சுபோச்சு. சீட்டு மட்டும் மணிக்கூடுகளிலை கட்டினபடி. டயல் பரந்தன் பக்கத்து வாத்தியார் ஒருவற்றை. கண்ணாடி மாத்தத்தான் தந்தவர். மெசின் ஆற்றை எண்டு முகம்கூட ஞாபகமில்லை. நீ பயணம் போகேக்கை உனக்குத் தர என்னட்டை வேறை ஒண்டும் இல்லை. இரண்டு இரவு இருந்து கழட்டிப் பூட்டினன். ஆரிட்டையும் கேக்கேல்லை. உனக்கும் சொல்லேல்லை. நீ அதை முத்தமிட்டதைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்.

பின்மூடியின்ரை உள்பக்கத்திலை ஊசியாலை கீறியிருக்கு. மேலை இருக்கிற பழைய கீறல்கள் நான் சேவிஸ் பண்ணின திகதிகள். கீழை ரெண்டு சீட்டு நம்பர், 41, 67. அது அவையளுக்கு நான் குடுக்கவேண்டின கடன்.

புதுசை வாங்கு, திறந்து பார்த்து வாங்கு. ஆனால் உன்ரையிலை டயலை மாத்தி நம்பர் ஒத்து வரப் பண்ணித் தாறன் எண்டு ஆர் சொன்னாலும் விடாதை. வாத்தியாரோ அவற்றை பிள்ளையளோ வந்து கேட்டால் நான் குடுக்க வேணும். அப்ப நீ கழட்டி அனுப்புவியோ எண்டு எழுது. பின்மூடிக்கு உள்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. டயல் 41 எண்டுதான் நினைவு, மெசின் 67. மாறிச் சொல்லுறனோ எண்டு இரவிலை நித்திரை வருகுதில்லை.

அப்பா