வெர்னாட்ஸ்கி சாலை சர்க்கஸை இடிக்க வேண்டாம்

மாஸ்கோ நகர நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

வெர்னாட்ஸ்கி சாலையில் இருக்கும் பெரிய சர்க்கஸை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற யோசனை 2024-இல் வெளிவந்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அதற்குப் பக்கத்து விடுதியில் தங்கிப் படித்தவன் நான். பனிக்கால மாலைகளில் மேல்கோட்டைக் கழற்றிக் கொடுத்து, எண் பொறித்த வில்லையைக் கைக்குள் பொத்திக்கொண்டு உள்ளே போய் உட்காருவேன். இடைவேளை முடிந்து திரும்பினால், குதிரைகள் ஓடிய ரிங், அதாவது ஆட்டம் நடக்கும் வட்டத் தளம், இருந்த இடத்தில் பனித்தளம் பளபளக்கும். குதிரைக்கு, தண்ணீருக்கு, பனிச்சறுக்குக்கு என்று ஐந்து ரிங்குகள். 18 மீட்டர் ஆழத்திலிருந்து மாறி மாறி மேலே வரும். 1971-இல் திறந்த கட்டடம் அது!

பழசாகிவிட்டது என்கிறீர்கள். சரி, பழுது பாருங்கள். இடிக்காதீர்கள்.

குதிரைமேல் நின்று வித்தை காட்டுபவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரிங்கின் குறுக்களவு எந்த ஊரிலும் 13 மீட்டர்தான். சரத்தோவில் பழகிய குதிரை கஸானில் அடி பிசகாமல் ஓடுவது அதனால்தான். கூரையும் சூடான லாயமும் நிலையாக இருப்பதால்தான் உங்கள் நாட்டில் இந்தக் கலை குளிர்காலத்திலும் நிற்காமல் வளர்ந்தது. குதிரைக்குத் தினமும் ஓட்டம் வேண்டும். மைனஸ் இருபதில் அவர் அதை எங்கே கொண்டுபோய் ஓட்டுவார்? கட்டி முடிக்கும்வரை பொறு என்று குதிரையிடம் சொல்ல முடியுமா?

இதே மாஸ்கோவில் இடித்துக் கட்டிய ஸ்வெத்னோய் பூல்வார் சர்க்கஸ் நினைவிருக்கும். 1985 ஆகஸ்டில் கடைசி ஆட்டம்; மறுபடி திறந்தது 1989 செப்டம்பரில். புகழ்பெற்ற கோமாளிக் கலைஞர் யூரி நிகூலினே தலைமையில் இருந்தும் நான்கு ஆண்டுகள் ஆயின. பீட்டர்ஸ்பர்கிலோ, ஃபன்தான்கா ஆற்றங்கரையில் 1877-இல் சர்க்கஸ்காரர் சினிசெல்லி எழுப்பிய சர்க்கஸை இடிக்காமல் புதுப்பித்து அங்கேயே ஆட்டம் நடத்துகிறார்கள். அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியாது?

இந்த நகரில் ரஸ்ஸியா ஹோட்டல் இடிபட்டுப் போனது. ஒலிம்பிஸ்கி அரங்கம் போனது. சோவியத் காலத்துக் கட்டடம் என்றாலே கைவைத்துவிடலாம் என்றாகிவிட்டது. பாரம்பரியம் என்று மதிக்க நூறு வயதாக வேண்டுமா? ஐம்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளை அழைத்துவந்த அம்மாக்களின் நினைவுக்கு மதிப்பில்லையா?

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். தயவுசெய்து இடிக்கும் யோசனையைக் கைவிடுங்கள். பழுது பார்க்கும் காலத்தில் கலைஞர்களும் விலங்குகளும் எங்கே இருப்பார்கள், எங்கே பயிற்சி செய்வார்கள் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் அறிவியுங்கள்.

பணிவுடன்,
அந்த சர்க்கஸின் பழைய பார்வையாளன்