சுதேசமித்திரன் தொடக்க கால இதழ்களை மின்னூலகத்தில் ஏற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
திருவையாறு,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தமிழ் இணையக் கல்விக்கழகம்,
சென்னை.

பொருள்: ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆசிரியராக இருந்த காலத்துச் சுதேசமித்திரன் இதழ்களுக்கு இருப்புப் பட்டியல் தயாரித்து, அவற்றைப் படமெடுத்துத் தமிழ் இணைய மின்னூலகத்தில் வெளியிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பத்திரிகை அலுவலகங்களில் முப்பத்தொரு ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் திருவையாறு என்று சொன்னால் உடனே தியாகராஜர் ஆராதனையைப் பற்றித்தான் கேட்பார்கள். 'தி இந்து', சுதேசமித்திரன் ஏடுகளைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1855 ஜனவரி 19 அன்று பிறந்ததும் இதே ஊரில்தான் என்று நானாகச் சொன்னால்தான் உண்டு.

அவர் பிறந்த நாளுக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். சுதேசமித்திரன் வார இதழாகத் தொடங்கிய ஆண்டு எது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஒரு நூலில் 1880, இன்னொன்றில் 1882. முதல் இதழின் முகப்பைப் பார்த்தால் தீர்ந்துபோகும் ஐயம்.

பார்க்கப் புறப்பட்டேன். ஒரு நூலகத்தில் கட்டுக்கட்டாகப் பழைய தொகுதிகள் இருந்தன. "தொட்டா உதிருது சார், எடுத்துக் கொடுக்கக் கூடாதுன்னு உத்தரவு" என்றார் ஊழியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மரக்கூழில் செய்த செய்தித்தாள் காகிதத்தை அதிலுள்ள அமிலமே அரித்துவிடும். மடித்த இடம் முதலில் போகும், பிறகு ஓரம் போகும். இன்னோர் இடத்தில் இதழ்களின் நுண்படச் சுருள் (மைக்ரோஃபிலிம்) இருந்தது. அதைப் படிக்கும் கருவி பழுது. கடைசியில் துண்டறிக்கையில் "1880களின் தொடக்கத்தில்" என்று மழுப்பி எழுதிக் கொடுத்தேன். மெய்ப்புப் பார்த்தே சோறு தின்றவனுக்கு அது தலைகுனிவு. இந்த மனுவுக்குக் காரணமும் அதுவே.

கோப்பைப் பார்க்கும் அலுவலர்களுக்காக ஐயரைப் பற்றிச் சில வரிகள். 1878-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இந்தியரான தி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் அதை எதிர்த்து எழுதின. பதில் சொல்ல இந்தியர் கையில் வலுவான ஏடு இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று, திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடன் வாங்கி, 'தி இந்து' வார இதழை 80 படிகள் அச்சிட்டார்கள். ஆசிரியர் சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23, தொழில் பள்ளி ஆசிரியர். நியாயமும் நீதியுமே தங்களுக்கு வழிகாட்டி என்று முதல் தலையங்கம் அறிவித்தது. அப்படி அறிவிக்காத பத்திரிகை எது என்று தாங்கள் கேட்கலாம். நானும் பல முதல் இதழ்களுக்கு மெய்ப்புப் பார்த்தவன்தான். இவர் விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு விலை கொடுக்க நேர்ந்தது. சமூகச் சீர்திருத்தம் பேசியவர், 1889-இல் இளம் வயதிலேயே விதவையாகிவிட்ட தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். உறவினர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். 1898-இல் கூட்டாளி வீரராகவாச்சாரியாருடன் ஒத்துப்போக முடியாமல், தாம் வளர்த்த ஆங்கில ஏட்டைவிட்டே வெளியேறினார்.

கையில் மிஞ்சியது சுதேசமித்திரன். 1899-இல் அது நாளேடாயிற்று. தமிழில் முதல் நாளேடு அதுதான். 1885-இல் மும்பையில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் என்று மேடைகளில் இவரைப் புகழ்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இந்தத் தினசரி வேலை. ஆங்கிலத்தில் தந்தி வரும். அன்றைக்கே அதைத் தமிழாக்கி அச்சுக் கோக்க வேண்டும். வரி, நிர்வாகம், அயல்நாட்டு அரசியல் இவற்றையெல்லாம் நாள்தோறும் எழுதிப் பழகாத மொழியில் எழுத வேண்டும். 1904 நவம்பரில் மதுரை சேதுபதி பள்ளி வேலையை விட்டு வந்த பாரதி, உதவி ஆசிரியராக உட்கார்ந்து மொழிபெயர்த்தது இந்த ஏட்டுக்குத்தான். எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை முதலில் போட்டார்கள், எதைக் கைவிட்டார்கள், பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தம் வெளியிட்டார்களா என்பதையெல்லாம் அந்தப் பக்கங்கள்தாம் சொல்ல முடியும். வாழ்க்கை வரலாறுகளில் இது கிடைக்காது.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். 1908-இல் ராஜத்துரோக வழக்கில் கைதான ஐயர், நோயுற்றிருந்த நிலையில், அரசுக்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்து விடுதலையானார். விழா மலர்களில் இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுவிடும். கைதுக்கு முன்பும் பின்பும் அவர் ஏடு என்ன எழுதியது என்பதை வாசகர் தாமே படித்து முடிவு செய்யட்டும். பக்கங்கள் முழுமையாக வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

சுதேசமித்திரனின் எந்தெந்த ஆண்டு இதழ்கள் எந்தெந்த நூலகத்தில், ஆவணக் காப்பகத்தில், தனியார் சேகரிப்பில், என்ன நிலையில் உள்ளன என்று ஒரு பட்டியலை முதலில் வெளியிட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. நூலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதி வேலை முடியும். இல்லாத இதழ்களை இல்லை என்றே அதில் குறிக்க வேண்டும்.

அடுத்து, தொடக்கம் முதல் ஐயர் பொறுப்பை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் விட்ட 1915 வரை, கிடைக்கும் இதழ்களை நாள்வாரியாகப் படமெடுத்து ஏற்ற வேண்டும். தலையங்கங்களை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டாம். விளம்பரம், விலைவாசி, வாசகர் கடிதம், அச்சகத்தார் பெயர் அத்தனையும் வேண்டும். ஏற்கெனவே நுண்படமான பகுதிகளை அதிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். தாள் உதிரும் தொகுதிகளுக்கு முன்னுரிமை தரவேண்டும். அவை அடுத்த நிதியாண்டு வரை காத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஐயர் எழுதியவற்றுக்குப் பதிப்புரிமைத் தடை எதுவும் இருக்காது. ஐயர் மறைந்தது 1916 ஏப்ரல் 18. சட்டம் சொல்லும் அறுபது ஆண்டுகள் எப்போதோ கடந்துவிட்டன.

படங்கள் வந்துவிட்டால் தலைப்புகளைத் தட்டச்சு செய்து தேடுபட்டியல் தயாரிக்க ஆள் வேண்டியிருக்கும். ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்கள் நான்கு பேர் ஊதியம் இன்றிச் செய்யத் தயாராக இருக்கிறோம். பழைய எழுத்துருக்கள் எங்களுக்குப் பழக்கமானவை. கண் பார்வையும் இன்னும் சில ஆண்டுகளுக்குத் தாங்கும்.

மனு ஏற்கப்பட்டதா, இல்லையெனில் காரணம் என்ன என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். துண்டறிக்கையின் படி ஒன்றை இணைத்துள்ளேன். ஆண்டு இல்லாத அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: திருவையாறு
இணைப்பு: துண்டறிக்கை – 1