சீலிங் மூடுவதற்கு முன்னால், மகளுக்கு

அன்பு மகளே,

இங்கிலாந்தில் கட்டுகிற வீட்டுக்கு நீ அனுப்பிய பிளானை, மலேசியாவில் நம் புக்கிட் மெர்தாஜாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்து இரண்டு ராத்திரியாகப் பார்க்கிறேன். விறகு அடுப்பு இப்போது வேண்டாம், காசு சேர்ந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்தது சரிதான். ஆனால் அடுப்பைத்தான் தள்ளிப்போடலாம், புகைக்குழாய் போகிற வழியைத் தள்ளிப்போட முடியாது. இத்தனை வருஷம் வீடு கட்டிக்கொடுத்தவன் சொல்கிறேன், பூசி முடித்த சீலிங்கை மறுபடி உடைப்பதைப் போல வயிறு எரிகிற செலவு வேறு இல்லை.

இங்கிலாந்துக் கட்டட விதியில் அடுப்பு, புகைக்குழாய் பற்றிய ஜே பகுதியை உட்கார்ந்து படித்தேன். குழாய் வளையாமல் நேராக மேலே போவதுதான் நல்லது, அடுப்பிலிருந்து உச்சி வரை 4.5 மீட்டர் உயரமாவது இருந்தால் புகை நன்றாக இழுக்கும். அதனால் ஹாலில் அடுப்பு வரும் இடத்தை இன்றே குறி, அதற்கு நேர் மேலே மாடி அறையில் என்ன இருக்கிறது, கூரையில் மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார். மரச்சட்டத்தை நகர்த்திப் போடச் சொல்ல இப்போதுதான் நேரம். அந்த வழியில் ஒயரோ தண்ணீர்க் குழாயோ போகக்கூடாது, கூரையில் சோலார் வைத்தாலும் அந்த இடத்தை விட்டுவிடச் சொல். கீழே தரையில் மரப்பலகை வேண்டாம், அடுப்பின் முன்பக்கம் 300 மில்லிமீட்டராவது தள்ளி வரும்படி கல்லோ கான்கிரீட்டோ இருக்கட்டும்.

அப்புறம் காற்று. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தோட்டத்து லயத்தில் உன் பாட்டி பால்மரக் கட்டையில் சமைப்பாள், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த சந்தில் புகை தானே போய்விடும். உன் வீடு குளிருக்காகக் காற்றே புகாமல் கட்டுகிற வீடு. அப்படிப்பட்ட புது வீட்டில் அடுப்பு சின்னதாக இருந்தாலும் வெளிக்காற்று வர நிரந்தரமான வழி வேண்டும், அடுப்பு தருகிற வெப்பத்தில் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் திறப்பு என்று கணக்கு. தரைக்கு கான்கிரீட் போடும்போதே ஒரு குழாயைப் புதைத்து இரண்டு முனையையும் மூடி வைத்துவிடு.

உன்னிடம் இதைச் சொன்னதில்லை. நீ பிறந்த சில நாளில், மழை என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, சாம்பிராணி போட்ட கரிச்சட்டியை அறையிலேயே விட்டுவிட்டோம். அம்மா தலை சுற்றுகிறது என்றாள், பத்தியச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் நினைத்தேன். பாட்டிதான் கதவைத் திறந்துபோட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். எங்களுக்குத் தெரிந்தது சாம்பிராணி வாசம் மட்டும்தான், கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. உன் வீட்டில் அடுப்பு வருகிற அன்றே அது இருக்கும் அறையில் இந்த வாயுவுக்கான அலாரம் இருக்க வேண்டும், மறுநாள் வாங்கலாம் என்று விடாதே.

விறகை இப்போதே வாங்கி, மேலே மட்டும் மூடி, பக்கமெல்லாம் காற்றாட வெளியே அடுக்கலாம். பச்சை விறகு காய ஒன்றிரண்டு வருஷம் ஆகும், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் தார் போன்ற கீல் படிந்து அதுவே ஒரு நாள் தீப்பிடிக்கும்.

சீலிங்கில் பலகை அடிக்கும் முன் சட்டங்களுக்கு நடுவே டேப்பை நீட்டிப் பிடித்து, எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும் வரை மூட விடாதே.

அப்பா