காசா, பேட்டரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எக்ஸ்ரே டெக்னீஷியனாக 28 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "குழந்தை காசை முழுங்கிடுச்சு" என்று யாராவது பதறிக்கொண்டு ஓடி வராத மாதமே இருந்ததில்லை. காசு வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில் மலத்தோடு தானே வந்துவிடும். அதனாலேயே எல்லோருக்கும், சில சமயம் மருத்துவமனையில் இருப்பவர்களுக்கும்கூட, ஒரு மெத்தனம் வந்துவிடுகிறது.

போன வருடம் என் தங்கையின் இரண்டு வயதுப் பேரன் எதையோ முழுங்கிவிட்டான். பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். நெஞ்சின் மேல்பகுதியில் வட்டமாகத் தெரிந்ததும் காசுதான், வாழைப்பழம் கொடுங்கள், காலையில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். தங்கை மகள் அந்தப் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பை ஒட்டி உள்ளே இன்னொரு வளையம். எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. காசுக்கு அப்படி வராது, அது பட்டன் பேட்டரி! உடனே கிளம்பச் சொன்னேன், பெரிய மருத்துவமனையில் அன்று ராத்திரியே எண்டோஸ்கோப்பி செய்து எடுத்தார்கள். அதற்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகியிருந்தது, பிள்ளை பழையபடி சாப்பிட மாதக்கணக்கில் ஆனது.

ரிமோட்டிலும் எடை மெஷினிலும் போடுகிற 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி கிட்டத்தட்ட ஒரு ரூபாய் காசு அளவுதான். அது உணவுக்குழாயில் சிக்கினால், உள்ளே இருப்பது கசிய வேண்டும் என்றுகூட இல்லை, ஈரச் சதையில் மின்சாரம் பாய்ந்து அங்கேயே காஸ்டிக் சோடா போன்ற காரம் உண்டாகி 2 மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும்.

அதனால் நேர்ப்படத்தோடு நிறுத்தாமல் பக்கவாட்டிலும் ஒரு படம் எடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டில் பார்த்தால் பேட்டரியின் ஒரு பக்கம் படி வைத்தது போலக் குறுகியிருக்கும், காசு நேராக இருக்கும். ஒன்றுக்கு மேல் காந்தம் முழுங்கியிருந்தாலும் அவசரம்தான், குடலின் இரண்டு மடிப்பை இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும்.

பிளாஸ்டிக், மரத்துண்டு, நிலக்கடலை இவையெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியாது. கடலை தின்னும்போது புரையேறிய பிள்ளைக்கு இருமலும் இழுப்பும் நிற்கவில்லை என்றால், படம் சுத்தமாக இருக்கிறது என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

அப்புறம் அந்த வாழைப்பழம். தயவுசெய்து கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். முழுங்கியதை வெளியே எடுக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், வயிறு நிறைந்திருந்தால் அதற்கே தாமதமாகும். எந்தச் சாமானில் பேட்டரி காணவில்லையோ அதைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த பேட்டரி என்று டாக்டருக்கு உடனே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்