முகாமுக்கு வரும் பிள்ளைகளின் பற்கள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தை மாதக் கடைசி வாரத்தில் நம் பள்ளியின் சாரண, சாரணியர் காரங்காட்டுக்கு அருகே கடற்கரையில் கூடாரம் அடித்து மூன்று நாள் தங்கப் போகிறார்கள். சாப்பாடு, படகு, பாதுகாப்பு பற்றிய சுற்றறிக்கை ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்திருக்கும். தீவில் தங்குவார்களா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே இரவு தங்கும் பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் கடிதம் பற்களைப் பற்றி மட்டும். இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று சிரிக்காமல் முழுவதும் படித்துவிடுங்கள்.

முகாம் என்றாலே பல் துலக்குவதற்கும் விடுமுறை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். காலையில் உடற்கல்வி ஆசிரியர் விசிலோடு நிற்பதால் பெயருக்காவது துலக்கிவிடுவார்கள். கோட்டை விடுவது இரவில்தான். பாசறைத் தீயைச் சுற்றிப் பாடி ஆடிவிட்டு, வாயில் பிஸ்கட் மாவோடு பாயில் விழுந்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டு வேளையில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், நான் இரவைத்தான் தேர்ந்தெடுப்பேன். பகலில் பல்லைக் கழுவி, அமிலத்தைத் தணித்துக்கொண்டே இருப்பது உமிழ்நீர். தூக்கத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பல்லில் ஒட்டிய மாவையும் இனிப்பையும் தின்று கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. வேதியியல் பாடத்தில் பிள்ளைகள் படிக்கும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். பகலெல்லாம் வெயிலில் ஓடித் தண்ணீர் குடிக்க மறந்த பிள்ளைக்கு வாய் இன்னும் வறண்டிருக்கும்.

மூன்று நாளில் பல் சொத்தையாகிவிடுமா? ஆகாது. சொத்தை வீட்டிலிருந்தே வருகிறது, முகாமில் அது வலியாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. அதுவும் நள்ளிரவில்தான் வரும். அந்நேரத்தில் ராமநாதபுரம் வரை வண்டி பிடித்தாலும் காலையில்தான் பல் மருத்துவரைப் பார்க்க முடியும். ஆகவே உங்களிடம் நான் முதலில் கேட்பது, இந்த வாரமே ஒருநாள் காலை பிள்ளையை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறந்து பாருங்கள்.

பார்க்க வேண்டிய இடம் முன்பல் வரிசை இல்லை, கன்னத்தை விரலால் ஒதுக்கினால் தெரியும் கடைவாய். ஆறு வயதில் அங்கே ஒரு பெரிய பல் முளைக்கிறது. எந்தப் பாற்பல்லும் விழாமலே அது முளைப்பதால், அதையும் பாற்பல் என்றே பலர் எண்ணி, ‘எப்படியும் விழப் போவதுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதற்கும் பின்னால் இன்னொரு கடைவாய்ப்பல் இப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கும். பாதி எழும்பிய பல் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருப்பதால் பிரஷ் அதன்மேல் படாமலே போய்விடும். மேற்பரப்பின் பள்ளங்களில் உணவு தங்கும். அங்கே கறுப்பாகவோ பழுப்பாகவோ குழி தெரிந்தாலும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்று பிள்ளை சொன்னாலும், முகாமுக்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பிரஷ் ஆளுக்கு ஒன்று. அண்ணன் தம்பி இருவரும் வந்தாலும் பிரஷ் இரண்டு. நார்கள் விரிந்து துடைப்பமாகிவிட்டதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள். ஈரப் பிரஷை பாலித்தீன் பையில் சுற்றி அனுப்ப வேண்டாம். ஒரே நாளில் நாறிவிடும். சுத்தமான கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தால் போதும், கூடாரத்தில் கயிறு கட்டிப் பிரஷ்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காற்றில் உலர்த்துவோம். பேஸ்ட், ஃபுளோரைடு உள்ளதாக இருக்கட்டும். டியூபின் மேலேயே எழுதியிருக்கும். பட்டாணி அளவு போதும், விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்க நீட்டி வைக்க வேண்டியதில்லை. இரண்டு நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, மீண்டும் மீண்டும் கொப்பளிக்காமல் விட்டுவிட வேண்டும். கொப்பளிக்கக் கொப்பளிக்க ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் நம் ஊரில் இந்த முறையால் தண்ணீரும் மிச்சம். ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் தாராளம்.

‘கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, உப்புத் தண்ணீர் பல்லுக்கு நல்லதுதானே’ என்று பிள்ளைகள் கிளம்புவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைக் கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிப்பது வேறு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, அதோடு கரையோரம் வந்து சேரும் மற்றதெல்லாம். குடிக்கிற தண்ணீரில்தான் வாய் கழுவ வேண்டும். நுரையைக் கடலிலும் அலையாத்தி ஓடையிலும் துப்பக் கூடாது. கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் குழி தோண்டி வைத்திருப்போம், அங்கே துப்பி மண் போட்டு மூட வேண்டும்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று தாத்தாக்கள் சொல்வது சரிதான். ஆனால் பழமொழியில் வரும் வேல், நம் மாவட்டத்தையே வளைத்துப் பிடித்திருக்கும் சீமைக் கருவேலம் இல்லை. அந்தக் குச்சியை யாரும் வாயில் வைக்க வேண்டாம். வேப்பங்குச்சி, மிஸ்வாக் குச்சி பழகிய பிள்ளைகள் கொண்டுவரலாம். மிஸ்வாக்கை உலக சுகாதார நிறுவனமே 1987-இல் ஊக்குவித்திருக்கிறது. நுனியை நன்றாக மென்று நாராக்கிய பிறகே தேய்க்க வேண்டும், இரவில் பேஸ்ட்டும் சேர வேண்டும். கரி, செங்கல்பொடி, மணல் வேண்டாம், எனாமலைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடி எந்த வடிவத்திலும் முகாமுக்குள் வரக் கூடாது. அதைத் தயாரிக்கவும் விற்கவும் மத்திய அரசு 1992-இலேயே தடை விதித்துவிட்டது. வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தினாலும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

தின்பண்டம் கொடுத்தனுப்பத்தான் செய்வீர்கள், தடுக்கவா முடியும்? கடலை மிட்டாயும் க்ரீம் பிஸ்கட்டும் பல்லிடுக்கில் பசைபோல் ஒட்டும். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்பதால் பல்லையும் விட்டுவிடும் என்று நினைக்காதீர்கள், கிருமிக்கு அதுவும் சர்க்கரைதான். பனங்கிழங்கு காலம் இது, அவித்துக் கொடுங்கள். வறுத்த வேர்க்கடலையும் நல்லது. இனிப்பை நாள் முழுவதும் கொறிக்காமல் சாப்பாட்டோடு சேர்த்து முடித்துவிடச் சொல்லுங்கள்.

ஒரு விபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈரப் பலகையில் வழுக்கியோ கபடியில் மோதியோ நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால், அதை மீண்டும் பொருத்த முடியும். வேரைத் தொடாமல், வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ ஒருமுறை அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. உடனே அதே குழியில் வைத்துத் துணியைக் கடித்துக்கொள்ளச் செய்வது சிறந்தது, முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவர் கைக்குப் போனால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஐஸ் பெட்டியில் இதற்கென்றே பால் பாக்கெட் இருக்கும், வண்டியும் முகாமிலேயே நிற்கும். பாற்பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக் கூடாது. இரவெல்லாம் விசைப்படகில் இருக்கும் தந்தையர்க்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

சாதாரணப் பல்வலிக்கு வெதுவெதுப்பான உப்புநீரும், நீங்கள் சம்மதித்தால் பாராசிட்டமால் மாத்திரையும் கொடுப்போம். மாத்திரையைப் பொடித்துச் சொத்தைக்குள் திணிக்கும் வைத்தியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராதீர்கள், ஈறு வெந்துவிடும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் இரவென்றும் பாராமல் ராமநாதபுரம் அழைத்துச் சென்றுவிட்டு உங்களுக்குப் போன் செய்வோம்.

இணைத்துள்ள படிவத்தில் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பல்லில் கம்பி போட்டிருக்கிறதா, மாத்திரை கொடுக்கச் சம்மதமா என்ற மூன்றையும் நிரப்பிக் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். அப்பா கடலுக்குப் போயிருந்தால் அம்மாவோ தாத்தா பாட்டியோ கையெழுத்திடலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்