நீ கேட்காமல் விட்ட வரி

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தேன். "கல்லீரல் கெட்டுப்போச்சாம்மா? சர்க்கரையும் வந்துடுச்சா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும் என்று எழுதுகிறேன். 28 வருஷம் லேபில் ரத்தம் எடுத்தவள் நான். நீ பயந்த இரண்டு வரியும் எனக்குப் பயம் தரவில்லை. நீ கேட்காமலே விட்ட ஒரு வரிதான் என்னைத் தூங்க விடவில்லை.

முதலில், எல்லையைத் தாண்டிய அளவுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் அந்த நட்சத்திரக் குறி. இதுவரை இருக்கலாம் என்று அச்சடித்திருக்கும் அந்த எல்லை எப்படி வருகிறது தெரியுமா? நலமாக இருக்கும் நிறைய பேரைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் அளவை எல்லையாக வைக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு குறையும் இல்லாத 100 பேரில் 5 பேர் எல்லைக்கு வெளியேதான் இருப்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நட்சத்திரமாவது விழ 64 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது.

கல்லீரல் என்று நீ பயந்த எஸ்.ஜி.ஓ.டி. 58. அது கல்லீரலில் மட்டும் இருக்கும் பொருள் இல்லை, தசையிலும் இருக்கிறது. முந்தின நாள் ஜிம்மில் புதிதாக எடை தூக்கியதாக நீயே சொன்னாய். கல்லீரலுக்குப் பார்க்கும் மற்ற அளவுகளான எஸ்.ஜி.பி.டி.யும் பிலிருபினும் சரியாக இருக்கின்றன. ஒரு வாரம் ஜிம்முக்குப் போகாமல் இருந்து மறுபடி பார், இறங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இறங்காவிட்டால் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

இப்போது நீ விட்ட வரி. ஹீமோகுளோபின் 10.8. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று தாண்டிப் போயிருப்பாய். அதற்குக் கீழே பார். சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. 74, பருமன் எவ்வளவு மாறுபடுகிறது என்று சொல்லும் ஆர்.டி.டபிள்யூ. 17. சிவப்பணு சிறுத்திருக்கிறது, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் இப்படிப்பட்ட ரத்தத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வட்டத்தின் நடு வெளிறிப்போய், ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையம் போல நிறம் இருக்கும். இரும்புச்சத்துக் குறைவில் அப்படித்தான் தெரியும். உடம்பு முதலில் சேமிப்பைக் காலி செய்யும், ஹீமோகுளோபின் அதற்கப்புறம்தான் இறங்கும். உனக்கு இறங்கியே விட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போன மாதம் சொன்னாயே, அது இதனாலாக இருக்கலாம்.

நீ பயந்த, சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அந்த ஹெச்.பி.ஏ.1.சி. 5.8 கூட இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். 5.7இலிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தின நிலை என்பார்கள். ஆனால் இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு அந்த அளவு கொஞ்சம் ஏறிக் காட்டுவது உண்டு. உன் வெறும் வயிற்றுச் சர்க்கரை 89, அது நன்றாகவே இருக்கிறது. இரும்புச்சத்தைச் சரிசெய்து, அப்புறம் பார்த்தால்தான் அந்த 5.8க்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

நீயாகவே இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதே. பிறவியிலேயே வரும் தலசீமியா மைனர் என்ற ரத்தக் குறை இருந்தாலும் எம்.சி.வி. குறையும், அதற்கு இரும்பு உதவாது. முதலில் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லிக் கேள். காய்ச்சலோ சளியோ இருக்கும்போது அதற்கு ரத்தம் கொடுக்காதே, ஏறிக் காட்டி ஏமாற்றும். மாதவிடாயில் எவ்வளவு போகிறது என்று டாக்டர் கேட்டால் வெட்கப்படாமல் சொல். இரும்பு எங்கே போகிறது என்று தெரியாமல் மாத்திரை மட்டும் போட்டால் திரும்பவும் இங்கேயே வந்து நிற்பாய்.

உன் அப்பா விஷயத்தை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அவருக்கு 0.8, அப்புறம் 0.9, 1.1, கடைசியில் 1.2 என்று வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. எல்லாமே எல்லைக்குள்தான், ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை. தினமும் அதே வேலையைச் செய்த நானும் குறி இல்லை என்று தாளை மடித்து வைத்துவிட்டேன். நான்கு தாளையும் ஒரு நாள் வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ரத்த அழுத்தம் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. மாத்திரை போட்டபின் அளவு ஏறாமல் நிற்கிறது, ஆனால் போன சக்தி போனதுதான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் உன் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேடி எடு. மூன்று வருஷத்துக்கு முன் வேலையில் சேரும்போது எடுத்தது கட்டாயம் வேண்டும். அப்போது ஹீமோகுளோபினும் எம்.சி.வி.யும் எவ்வளவு என்று பார்த்து எனக்கு எழுது. அப்போது எம்.சி.வி. 85, 90 என்று இருந்திருந்தால் இது நடுவில் வந்தது, பிறவியில் வந்ததில்லை என்று பாதி தெரிந்துவிடும். டாக்டரிடமும் அந்தத் தாளைக் காட்டு.

ஃபெரிட்டின் ரிசல்ட் வந்ததும் எத்தனை மணியானாலும் அனுப்பு. நான் விழித்திருப்பேன்.

அம்மா